வாழை மண்டியில் கணக்கு எழுதும் கணிதப் பட்டதாரி ஐ.டி.க்குப் போக என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "களக்காடு பக்கம் எனக்கு ஊர். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. 68 சதவீதம், அரியர் இல்லை. இப்போது வாழைத்தார் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஐ.டி. வேலைக்குப் போக வேண்டும். திருநெல்வேலியில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதக் கோர்ஸ், 65,000 ரூபாய், வேலை உத்தரவாதம் என்கிறார்கள். அடுத்த வாரம் பணம் கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா? கோடிங் வராவிட்டால் வேறு வழி உண்டா? சென்னைக்குப் போயே தீர வேண்டுமா? தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கும் ஏதாவது சொல்லுங்கள்."

தம்பி, அடுத்த வாரம் என்று எழுதியிருப்பதால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன். கட்டாதீர்கள்.

அந்த மையத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் 'வேலை உத்தரவாதம்' என்று பலகையில் எழுதுகிறவர்கள் ரசீதில் அதை எழுதித் தருவது அபூர்வம். கையெழுத்து வாங்கும் தாளில் 'நேர்முகத் தேர்வு வாய்ப்புகள் ஏற்படுத்தித் தரப்படும்' என்று இருக்கும். அந்த வாய்ப்பு பெரும்பாலும், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கக்கூடிய ஓர் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு முடிந்துவிடும். நேரில் போய் மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். போன பேட்ச்சில் சேர்ந்த எல்லோருடைய பட்டியலும் வேண்டும், வேலை கிடைத்தவர்களின் போட்டோ மட்டும் போதாது. பாடம் எடுப்பவர் எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தவர்? வேலை கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், அதை எழுத்தில் தருவீர்களா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் இடமாக இருந்தால் பிறகு யோசிக்கலாம். 'இன்றைக்குச் சேர்ந்தால் பத்தாயிரம் தள்ளுபடி' என்று பேச்சை மாற்றினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து தானாகப் படிக்க முடியாதவர்கள் உண்டு, அது ஒன்றும் குறை இல்லை. அப்படியானால் மாதக் கட்டணம் வாங்கும் வகுப்பாகப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நின்றுவிடுகிற ஏற்பாட்டில் சேருங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள், கடன் வாங்கிக் கட்டவே கட்டாதீர்கள்.

இதே பயிற்சி மையங்களைச் சுற்றி இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. 'இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் போட்டுத் தருகிறோம், சம்பளம் இரட்டிப்பாகக் கிடைக்கும்' என்று யாராவது காதைக் கடிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கும். வருங்கால வைப்பு நிதிக்கு யுஏஎன் என்கிற எண் இருக்கிறது; எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் தெரிந்துவிடும். மாட்டினால் வேலை போகும். ஆறு மாதம் நன்றாக வேலை செய்து, டீமில் நல்ல பெயர் எடுத்த பிறகும் போகும். மண்டியில் ஒன்றரை வருஷம் கணக்கு எழுதியதை உள்ளபடி எழுதுவதே உங்களுக்கு லாபம். ஏன் என்று கீழே வருகிறது.

இப்போது நீங்கள் நிற்கும் இடம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களைச் சலிக்கும்போது திறமையைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன: மதிப்பெண் 60 சதவீதத்துக்கு மேலா, அரியர் நிற்கிறதா, எந்த வருஷம் முடித்தவர். முதல் இரண்டில் உங்களுக்குத் தொந்தரவு இல்லை. மூன்றாவதுதான் இடிக்கும். விப்ரோவில் பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் வில்ப் என்ற திட்டம் இருக்கிறது. படிப்புச் செலவு அவர்களுடையது, பதிலுக்குப் பல வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டிசிஎஸ்ஸும் அறிவியல் பட்டதாரிகளுக்கென்று தனியாகத் தேர்வு வைக்கிறது. இவை இரண்டுமே அண்மையில் முடித்தவர்களைத்தான் கூப்பிடும். ஒன்றரை வருஷம் என்பது விளிம்பு. அறிவிப்பு வந்த அன்றே தகுதி ஆண்டைப் பார்த்துவிடுங்கள், கதவு திறந்திருந்தால் தயாரிப்பு அரைகுறையாக இருந்தாலும் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அடுத்த வருஷம் அந்தக் கதவு உங்களுக்கு இருக்காது. இந்த வகை நிறுவனங்களில் புதியவர் சம்பளம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருஷமாக நிற்கிறது, பி.எஸ்சி.க்கு அதிலும் குறையலாம். சொந்தக்காரர்கள் சொல்லும் லட்சக் கணக்குகளை நம்பி வீட்டில் கணக்குப் போட்டு வைக்க வேண்டாம்.

மறுபக்கம், பட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நிறுவனங்களும் இருக்கின்றன. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஜோஹோ. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. அவர்களுடைய டெவலப்பர் தேர்வு எப்படி நடக்கும் என்பது எழுதியவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி ஊரறிந்த விஷயம். முதலில் எழுத்துத் தேர்வு; சி புரோகிராமைக் கொடுத்து வெளியீடு என்ன வரும் என்று கேட்பார்கள். அப்புறம் சின்னச் சின்னப் புரோகிராம்கள். அதற்கும் அப்புறம் ஒரு சுற்றில் கால் டாக்ஸி முன்பதிவு, ரயில் டிக்கெட் முன்பதிவு மாதிரி ஒரு முழு அமைப்பைச் சொல்லி, சில மணி நேரத்தில் ஓட வைக்கச் சொல்வார்கள். கோர்ஸ் சான்றிதழ்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் விழுவது இந்தச் சுற்றில்தான். இதற்குப் பழக ஒரே வழி, நிஜமான ஒரு காரியத்தை நீங்களே முதலிலிருந்து கடைசிவரை கட்டிப் பார்ப்பது. அதற்கு வேண்டிய சரக்கு உங்கள் மேஜை மேலேயே கிடக்கிறது.

மண்டிக் கணக்கைத்தான் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் என் பதிலில் உங்களுக்கு உருப்படியாக இருக்கப்போவது இதுதான்.

விவசாயி தார் கொண்டுவருகிறார். ஏத்தன் ரக வாழையை எடை போட்டுக் கிலோவுக்கு விலை. சில ரகங்களைத் தாராகவே விலை பேசுவீர்கள். வியாபாரி ஏலம் கேட்டு எடுக்கிறார். கமிஷனும் இறக்குக் கூலியும் கழிகின்றன. விவசாயி முன்பணம் வாங்கியிருந்தால் அதில் கொஞ்சம் பிடிக்கிறீர்கள். மிச்சத்தைக் கையில் பாதி, அடுத்த வாரம் பாதி என்று கொடுக்கிறீர்கள். வியாபாரியிடமிருந்து வரவேண்டிய பாக்கி தனி. சிட்டையில் எழுதி, ராத்திரி பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். இதை அப்படியே ஒரு தரவுத்தளமாக (டேட்டாபேஸ்) மாற்றுங்கள். எஸ்க்யூலைட் என்ற மென்பொருள் போதும், இலவசம், தனியாக சர்வர் எதுவும் வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் தொடர்பு எண்கள் உட்கார்ந்திருப்பதே அதில்தான்.

முதல் நாளே ஒரு சிக்கல் வரும். களக்காட்டில் ஒரு சுடலைமுத்து, மாவடியில் ஒரு சுடலைமுத்து. பேரேட்டில் நீங்கள் ஊர்ப்பெயரையோ தகப்பனார் பெயரையோ சேர்த்துச் சமாளிக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் போன் எண்ணை வைத்து அடையாளம் காணலாம் என்று தோன்றும். அவர் சிம்மை மாற்றினால் பழைய கணக்கெல்லாம் அந்தரத்தில் தொங்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒருபோதும் மாறாத, வேறு எந்த அர்த்தமும் இல்லாத ஓர் எண். இதைத்தான் பிரைமரி கீ என்கிறார்கள். புத்தகத்தில் விளக்கம் படித்தவன் சொல்வதற்கும், இரண்டு சுடலைமுத்துகளால் திணறியவன் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்கு அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். புதியவர்களை நேர்முகம் செய்வது என் வேலையில் ஒரு பகுதி என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்தது பணம். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் எண்களை 0, 1 மட்டுமே உள்ள இரும முறையில் வைப்பதால் பத்தில் ஒன்றை அதனால் துல்லியமாக வைக்க முடியாது. நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததைப் போல. கமிஷனைப் பைசாவுக்கு முழுமையாக்கும்போது இதனால் அங்கங்கே ஒரு பைசா மாறி, மாதக் கடைசியில் கணக்கு உதைக்கலாம். ஆகவே ரூபாயைத் தசமமாக வைக்காமல் எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.

மூன்றாவது, தப்பாக ஏற்றிய பதிவு. பேரேட்டில் நீங்கள் அழிப்பான் போடுவதில்லை, எதிர்ப் பதிவு போட்டு நேர் செய்கிறீர்கள். தரவுத்தளத்திலும் அதையே செய்யுங்கள், வரியை அழிக்காதீர்கள். யார், எப்போது, என்ன திருத்தினார் என்பது கடைசிவரை நிற்க வேண்டும். வங்கி மென்பொருள்களும் இதே வழியில்தான் ஓடுகின்றன.

இனி உங்கள் கணிதம். 'யார் யாருக்கு எவ்வளவு பாக்கி' என்று கேட்கும்போது விற்பனை அட்டவணையையும் பணம் கொடுத்த அட்டவணையையும் இணைப்பீர்கள். ஒரு விவசாயிக்கு மூன்று விற்பனை, இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி எண்ணை வைத்து நேராக ஜாயின் செய்தால் ஆறு வரிகள் வரும். ஒவ்வொரு விற்பனையும் இரண்டு முறை, ஒவ்வொரு பட்டுவாடாவும் மூன்று முறை. கூட்டினால் விற்பனை இரு மடங்கு, கொடுத்தது மும்மடங்கு. பிழை என்று எந்தச் செய்தியும் வராது. தப்பான தொகை அழகாகத் திரையில் வரும், மண்டி முதலாளி நம்பியும் விடுவார். இரண்டையும் விவசாயி வாரியாகத் தனித்தனியே கூட்டிவிட்டு, அந்தக் கூட்டுத்தொகைகளை இணைக்க வேண்டும். அப்போதும் இன்னும் ஒரு பைசாகூடப் பணம் வாங்காத விவசாயி சாதாரண ஜாயினில் காணாமல் போவார்; அவருக்குத்தான் முழுத் தொகையும் பாக்கி! அதற்கு லெஃப்ட் ஜாயின்: மறுபக்கம் பதிவே இல்லாவிட்டாலும் முதல் அட்டவணையில் உள்ள எல்லோரையும் அது காட்டும்.

அந்த ஆறு எங்கிருந்து வந்தது? மூன்றும் இரண்டும் பெருக்கினால் ஆறு, நீங்கள் முதல் வருஷத்தில் படித்த கார்ட்டீசியன் பெருக்கற்பலன். இந்த அட்டவணைத் தரவுத்தளங்களின் அடிப்படையே கணக் கோட்பாடுதான். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்ற கணிதக்காரர் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது இது. கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று நீங்கள் பரீட்சைக்காகப் படித்ததை ஐ.டி. உலகம் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறது. 'நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவில்லையே' என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லைப் பொறுத்தவரை அந்த வருத்தத்துக்கு இடமே இல்லை.

இதைக் கட்ட ஒரு மொழி வேண்டும். பைத்தானா ஜாவாவா என்று யூடியூபில் நாள் கணக்கில் சண்டை பார்க்காதீர்கள். பைத்தானில் தொடங்குங்கள். மண்டிக் கணக்கு ஓடத் தொடங்கியதும், தேர்வுகளுக்காகச் சி-யின் அடிப்படையையோ ஜாவாவையோ பழகுங்கள். பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் லினக்ஸ், சி, ஜாவா போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலிலேயே சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் பழகிவிட்டால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களையும், ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கம்ப்யூட்டர் அறிமுகப் பாடத்தையும் இலவசமாகவே பார்க்கலாம். இவற்றில் ஒன்றைப் பிடித்தால் போதும். பத்து தளத்தில் கணக்குத் தொடங்கி எதையும் முடிக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

கம்ப்யூட்டர் இல்லாமல் போனிலேயே படிப்பது நடக்காத காரியம். பழைய பிசினஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டது, இருபதாயிரத்துக்குள் தேடினால் கிடைக்கும். அந்த 65,000-இல் செலவழிக்க வேண்டிய பகுதி இதுதான். விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மண்டி விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் ஓய்ந்துவிடும் என்றால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உங்களுடையது. வீட்டில் இடம் தோதுப்படாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுங்கள்; போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால் கை போனுக்குப் போகாது.

செய்வதை கிட் என்ற கருவியில் பதிவு செய்துகொண்டே வாருங்கள், மற்றவர்களும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் விவசாயிகளின் நிஜப் பெயர், போன் எண், தொகை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அடுத்தவர் கடன் கணக்கு ஊருக்குத் தெரியக் கூடாது. முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சாட்ஜிபிடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. முன்பு புதியவர்களிடம் தள்ளிவிடும் சின்ன வேலைகளை இப்போது அந்த மாதிரிக் கருவிகள் செய்கின்றன. நுழைவு வேலைகள் முன்னைவிட நெருக்கடியாகத்தான் இருக்கின்றன, அதை மறைப்பதில் பயன் இல்லை. மண்டிக் கணக்கு முழுவதையும் அதைக் கேட்டே பத்து நிமிஷத்தில் எழுதி வாங்கிவிடலாம். நேர்முகத்தில் 'இந்த வரி எதற்கு? இதை எடுத்துவிட்டால் என்ன உடையும்?' என்று கேட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதனிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது எழுதித் தந்ததை வரிவரியாக வாசித்து, எங்கே தப்பு என்று நீங்கள் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால் உங்களை எடுப்பதற்கு ஆள் இருக்கிறது.

கோடிங் வராவிட்டால்? ஆறு மாதம் நேர்மையாக முயன்று பார்த்துவிட்டு இதைக் கேளுங்கள். வேறு வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. அப்ளிகேஷன் சப்போர்ட்டில், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஏதாவது கோளாறு என்றால் டிக்கெட் என்ற பெயரில் புகார் வரும். மென்பொருள் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் லாக் கோப்பைப் பார்த்து, எஸ்க்யூஎல் ஓட்டிப் பார்த்து, எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பீர்கள். ஷிப்ட் உண்டு, ராத்திரி வேலை உண்டு. டெஸ்டிங்கில் கையால் சோதிக்கும் வேலை சுருங்கிவிட்டது. தானியங்கிச் சோதனை எழுதத் தெரிந்தால்தான் நிற்க முடியும், அதற்கும் கோடிங் வேண்டும். நெட்வொர்க்கிங் தனி உலகம், சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் அளவுக்கு உண்மையாகப் படித்தால் மரியாதை உண்டு. எனக்குக் கேட்டால் உங்களுக்குப் பொருந்துவது கணக்கியல் மென்பொருள் பக்கம். பில்லிங், ஈஆர்பி (ஒரு நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது), ஜிஎஸ்டி மென்பொருள் செய்யும் நிறுவனங்களில், பற்று வரவு புரிந்து எஸ்க்யூஎல்லும் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். கோடிங் தெரிந்தவருக்கு டெபிட் எது கிரெடிட் எது என்று தெரியாது, கணக்கு தெரிந்தவருக்கு ஜாயின் தெரியாது. உங்கள் ரெஸ்யூமேவில் மண்டி வேலையை முதலில் போடச் சொல்வது இதனால்தான். 'தினசரி ஏலக் கணக்கு, விவசாயி, வியாபாரி பேரேடு பராமரிப்பு. அதற்கான மென்பொருளை நானே எழுதிப் பயன்படுத்துகிறேன்' என்று ஒரு வரி. ஜாதகக் குறிப்பு மாதிரி தகப்பனார் பெயர், மதம், உயரம் எல்லாம் வேண்டாம். ஒரே பக்கம்.

நேர்முகம் பற்றிச் சுருக்கமாக. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயம் அதிகம். இலக்கணம் தப்பினால் யாரும் வேலை தராமல் இருப்பதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால்தான் மதிப்பெண் போடுவதற்கு ஒன்றும் இருக்காது. கணக்கைப் போடும்போதே என்ன யோசிக்கிறீர்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போடுங்கள். தினமும் ராத்திரி, அன்றைக்கு எழுதிய புரோகிராமை ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் விளக்கிப் போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். முதல் வாரம் கேட்கவே கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, 'ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்' என்று சேர்த்துச் சொன்னால் நல்லது. பிரவுசரில் ஒரு முகவரியை அடித்தால் உள்ளே என்னென்ன நடக்கிறது என்பது அடிக்கடி வரும் கேள்வி. பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், சர்வரோடு தொடர்பு, பூட்டுப் போடும் டிஎல்எஸ், கோரிக்கை, அதன் பின்னால் தரவுத்தளம், திரும்பி வரும் பக்கம் என்று வரிசையாகச் சொல்லும் அளவுக்குத் தயாராக இருங்கள்.

சென்னைக்குப் போக வேண்டுமா என்றால், முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குப் போவதுதான் நல்லது என்பது என் கட்சி. இங்கே வாய்ப்பே இல்லை என்பதற்காக அல்ல. மத்தளம்பாறை இருக்கிறது, கங்கைகொண்டானில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் நியோ டைடல் பூங்காவைத் திறந்தார்கள், மதுரையில் ஹெச்சிஎல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள், கிடைத்தால் வீட்டுச் சாப்பாட்டோடு போய்வாருங்கள். ஆனால் புதியவர் கற்றுக்கொள்வதில் பாதி, பக்கத்து மேஜைக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்துத்தான். ஒரு வேலை போனாலும் அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி இருக்கிற ஊரில் அது நடந்தால் உங்களுக்குத் தெம்பு. பழைய மகாபலிபுரம் சாலையிலோ வேளச்சேரியிலோ நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்தால் சமாளிக்கலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிந்ததும் எழும்பூர். அவசரமென்றால் 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது, டிக்கெட் விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். வேலை கிடைக்காமல் 'தேடப் போகிறேன்' என்று அறை எடுத்து உட்காருவது மட்டும் வேண்டாம். தேர்வுகளில் பாதிக்கு மேல் இணையத்திலேயே நடக்கின்றன. மண்டிச் சம்பளத்தை விடாமல் இங்கிருந்தே எழுதி, நேரில் கூப்பிட்டால் போய்வாருங்கள்.

வெளிநாட்டு ஆசை காட்டும் ஏஜென்ட்கள் விஷயத்தில் கவனம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம், விமான டிக்கெட் இலவசம் என்று 2022 வாக்கில் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் மியாவடிப் பக்கம் கொண்டு அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். மாட்டியவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள், அரசு தலையிட்டுத்தான் மீட்டது. கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே கதை நடக்கிறது. சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உள்நாட்டிலும் 'ஆஃபர் லெட்டருக்கு டெபாசிட்' என்று பணம் கேட்கும் இடம் எதுவும் கம்பெனி இல்லை. மூலச் சான்றிதழ்களை எடுத்து வைத்துக்கொள்ளும் சின்ன நிறுவனங்களும் இருக்கின்றன. காட்டுங்கள், நகல் கொடுங்கள், மூலத்தைக் கையிலேயே கொண்டுவந்துவிடுங்கள். ஒப்பந்தம் என்றால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தங்கச்சிக்கு உங்களைவிட வழிகள் அதிகம். ஜோஹோ ஸ்கூல்ஸ் ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறது. கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். தென்காசியிலும் நடப்பதால் வீட்டில் சம்மதம் வாங்குவது சுலபம். வயது வரம்பு உண்டு, படிக்கும் வருஷமே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெச்சிஎல்லின் டெக்பீயும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத்தான். அதில் பயிற்சிக் கட்டணம் இருக்கிறதா, யார் கட்டுகிறார்கள், எத்தனை வருஷம் கட்டுப்பட வேண்டும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். மூன்றாவது, சென்னை ஐஐடி 2021 முதல் நடத்தும் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். சில வாரப் பாடங்களைப் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டிலிருந்து, பரீட்சை நேரில். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்கு ஏற்ப டிப்ளமோ மாதிரி ஏதாவது கையில் கிடைக்கும். ராணி அண்ணா கல்லூரியிலோ சாரா டக்கரிலோ ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டு இதையும் கூடவே படிக்கலாம். அவளுக்குக் கணக்கில் பயம் இருந்தால் நீங்களே வீட்டில் இருக்கிறீர்கள். கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு, அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே மனுப் போட்டுவிடுங்கள்.